வார்டில் அடிபட்டால் ஒரு ஃபார்ம் இருக்கிறது

என் மகள் என்னை அடிப்பாள். அவளுக்கு 14 வயது. இப்போது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேரு மட்டும் போடாத" என்றாள். அதனால் இங்கே அவள் பெரியவள், அவள் தம்பி சின்னவன். வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

நான் நர்ஸ். பொது மருத்துவ வார்டு. வேலையில் அடி வாங்குவது எங்களுக்குப் புதிதல்ல. சர்க்கரை இறங்கிப்போனவர், குடியைத் திடீரென்று நிறுத்தியதால் ஆள் அடையாளம் தெரியாமல் தவிப்பவர், ராத்திரியானால் குழம்பிப்போகும் வயதானவர் என்று யாராவது கையை ஓங்குவார்கள். ஒருமுறை ஒரு நோயாளி என் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். சத்தம் கேட்டதும் அடுத்த பெட்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் ஓடி வந்தாள். செக்யூரிட்டி வந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். டியூட்டி டாக்டர் கையைப் பார்த்து எக்ஸ்ரே எழுதினார். அப்புறம் இன்சிடென்ட் ஃபார்ம்: எந்த நேரம், எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன காயம், யார் பார்த்தார்கள், என்ன செய்யப்பட்டது. அடுத்த ஷிஃப்டில் அந்தப் பெட்டை எனக்குப் போடவில்லை. நோயாளி மேலும் யாருக்கும் கோபமில்லை, அவருக்கு வைத்தியம் தொடர்ந்தது. "அவர் சும்மாவா அடிப்பார், நீ என்ன பண்ணினே?" என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

அதே மணிக்கட்டைப் பெரியவள் முறுக்கியபோது கட்டுப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். முழங்கைக்குக் கீழே எதையும் மறைக்க முடியாத யூனிஃபார்ம். "கதவு இடிச்சிருச்சு" என்றேன். நர்ஸ்களிடம் சொல்லக்கூடிய பொய்யா அது? கதவு இடித்தால் எப்படிக் கன்றும், விரல் பதிந்தால் எப்படிக் கன்றும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என் கணவரைத்தான் சந்தேகப்பட்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. பாவம், வேலை நிமித்தமாக அவர் அப்போது ஊரிலேயே இல்லை.

வளரும் பிள்ளைகள் கத்தும், கதவை அறைந்து சாத்தும். கோபத்தில் ஒருமுறை தள்ளிவிட்டு, உடனே பயந்து அழும் பிள்ளையும் உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. பெரியவளுக்கு 11 வயதில் தள்ளுவதில் தொடங்கியது. பிறகு கையில் கிடைத்ததை எறிவது, அதன் பிறகு அறை, முடியைப் பிடித்து இழுப்பது, அறை வாசலை மறித்து நின்றுகொண்டு என்னை வெளியே விடாமல் இருப்பது. "வெளிய யார்கிட்டயாவது சொன்னே, கையை அறுத்துப்பேன்" என்பது. காரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் அற்பமான விஷயம்: வைஃபையை அணைத்தேன், குளிக்கச் சொன்னேன், நாளைக்குப் போட வேண்டிய உடை காயவில்லை.

அடி விழும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியவைப்பது கடினம். டியூட்டி முடிந்து வரும்போதே எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். அவள் அறைக்கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்பதை வைத்து அன்றைய மாலை முடிவாகும். அவள் காலடிச் சத்தம் கேட்டால் சின்னவன் யாரும் சொல்லாமலே டிவி சத்தத்தைக் குறைப்பான். அவனுக்கு 8 வயது. அந்த ரிமோட்டை அவன் எடுக்கும் வேகத்தைப் பார்த்தபோதுதான், இது எனக்கும் அவளுக்கும் நடுவில் மட்டும் நடக்கும் விஷயம் என்ற நினைப்பை விட்டேன்.

வெளியே அவள் தங்கம். பள்ளியில் அமைதி, வகுப்புத் தோழிகளுக்குச் செல்லம். அப்பா வந்திருக்கும் நாட்களில் பெட்டிப்பாம்பு. "அப்போ அவளால அடக்கிக்க முடியுதுதானே, உங்ககிட்ட மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். நானும் நிறைய யோசித்திருக்கிறேன். எதைச் செய்தாலும் விட்டுப் போகமாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆளிடம்தான் ஒரு பிள்ளை தன்னிடம் இருப்பதிலேயே மோசமானதைக் காட்டும் என்று நினைக்கிறேன். இது ஆறுதலுக்குச் சொல்வதா, உண்மையா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் அதனால் அடி வலிக்காமல் போய்விடாது.

சரி, உதவி கேட்கவில்லையா? கேட்டேன்.

பள்ளியில் வகுப்பாசிரியை என்னை நம்பவே சிரமப்பட்டார். "இங்க வாயே திறக்க மாட்டாளேம்மா" என்றார். ஒரு கவுன்சிலர் அவளிடம் தனியாகப் பேசிவிட்டு, பிள்ளை மிகவும் பதற்றத்தில் இருக்கிறாள், நீங்கள் அவளோடு அதிக நேரம் செலவிட வேண்டும் என்றார். தவறான யோசனை இல்லை. ஆனால் நான் கேட்டது, "இன்னைக்கு ராத்திரி அடிச்சா நான் என்ன செய்யணும்?" அதற்கு அவரிடம் பதில் இல்லை, அடுத்த சந்திப்புக்குத் தேதி இருந்தது. பெண்களுக்கான ஓர் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அடிப்பது கணவரா, மாமியாரா என்று கேட்டார்கள். மகள் என்றேன். எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றுபோனது. வயதைக் கேட்டுவிட்டு, குழந்தைகளுக்கான எண்ணைக் கொடுத்தார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு என்ன ஆபத்து?" குழந்தைக்கு ஆபத்தில்லை, குழந்தையால் எனக்குத்தான் ஆபத்து என்று சொல்லும்போது என் காதிலேயே அது அபத்தமாக விழுந்தது. ஒரு காவலர் நல்ல மனிதர். "கேஸ் போட்டா பிள்ளையோட எதிர்காலம் என்னாகும்னு யோசிங்கம்மா" என்றார். யோசித்துத்தான் வந்திருந்தேன். வழக்குப் போட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. வழக்குப் போடுவதற்கும் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கும் நடுவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்த கதவைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் வேறு ரகம். "அடியாத மாடு படியாது, ரெண்டு போடு" என்றார் என் அத்தை. அந்தப் பக்கம், "வீட்டுக்கு வீடு வாசப்படி, இதையெல்லாம் போய் வெளியில சொல்லலாமா?" இன்னொருவர் சிரித்தேவிட்டார்: "பொண்ணு அடிச்சா வலிக்குமா?" தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள், என் தோளையும் தாண்டி வளர்ந்துவிட்ட பெண் முடியைப் பிடித்து இழுத்தால் எப்படி வலிக்கும் என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

நைட் டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். 1979இலேயே ஹார்பின், மேடன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிள்ளைகளிடம் அடிபடும் பெற்றோர்களைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதில் என்னை நிறுத்திய விஷயம், அந்தக் குடும்பங்கள் எப்படி ஒன்று சேர்ந்து மறைக்கின்றன என்பது. வெளியே சொல்வதில்லை, சொன்னாலும் சின்ன விஷயமாக்கிவிடுவது, வீட்டில் எல்லாம் சுமுகம் என்ற தோற்றத்தைக் காப்பாற்றுவது. நான் பிறப்பதற்கு முன்பே என் வீட்டுக்கு வந்து எழுதியதுபோல இருந்தது.

அதன்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எண்ணிக்கைக்குப் போலீஸ் பதிவுகளைப் பார்த்தால், அங்கே போனவை மட்டும்தான் கணக்கில் வரும். ரேச்சல் காண்ட்ரி, கரோலின் மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்காக லண்டன் மாநகரப் போலீஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2009-10இல், ஒரே வருஷத்தில், 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள் பெற்றோர் மீது காட்டிய வன்முறை, மிரட்டல், பொருட்சேதம் என்று 1,892 புகார்கள். செய்தவர்களில் 87 சதவீதம் பையன்கள். பாதிக்கப்பட்டவர்களில் 77 சதவீதம் பெண்கள், அதாவது பெரும்பாலும் அம்மாக்கள். என் வீடு மீதமுள்ள 13 சதவீதத்தில் சேர வேண்டும், நான் புகார் கொடுத்திருந்தால். மகளைப் பற்றி போலீஸுக்குப் போகும் அம்மா மகனைப் பற்றிப் போகும் அம்மாவைவிடக் குறைவாகத்தான் இருப்பாள் என்பது என் ஊகம்.

ஸ்பெயினில் 14 வயது முதல் பிள்ளைகளைத் தனிச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியும். குடும்பத்துக்குள் நடக்கும் இந்த வகை வழக்குகள் மட்டும் அங்கே ஆண்டுக்கு 4,000க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. கேட்க பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அங்கே நீதிபதி கொடுக்கக்கூடிய உத்தரவுகளில் ஒன்று, பிள்ளையைச் சிறை மாதிரியான இடத்துக்கு அனுப்பாமல், பயிற்சி பெற்ற ஆட்களோடு வீடு போன்ற ஓர் இடத்தில் சில காலம் தங்கவைப்பது. நான் காவலரிடம் கேட்ட அந்த "நடுவில் ஏதாவது" இதுதான். எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் அடிக்கும் பிள்ளையையும் அடிபடும் பெற்றோரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்துப் பயிற்சி தருகிறார்கள்.

ஆனால் சட்டம் எழுதும்போதே இந்தப் பெற்றோர்கள் நழுவிப்போகும் இடமும் உண்டு. இங்கிலாந்தில் 2021இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில், இரண்டு பேருக்கும் 16 வயது ஆகியிருந்தால்தான் அது குடும்ப வன்முறை. 15 வயதுப் பிள்ளை அம்மாவின் விலா எலும்பை உடைத்தாலும் அந்த வரையறைக்குள் வராது. பிள்ளையைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். 2015இல் அந்த நாட்டு உள்துறை இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பள்ளி, மருத்துவம், போலீஸ் ஒவ்வொருவரும் என்ன செய்யலாம் என்று அதில் இருக்கிறது. வழிகாட்டிதான், கட்டாயம் அல்ல.

குடும்ப வன்முறைக்கு எழுதப்பட்ட ஆலோசனை எல்லாம் கடைசியில் ஒரு இடத்துக்கு வரும்: பாதுகாப்பாக வெளியேறுங்கள். கணவனை விட்டு வெளியேறலாம். அப்போது 13 வயதில் இருந்த மகளை விட்டு எங்கே வெளியேறுவது? விட்டுவிட்டுப் போனால் அடுத்த நிமிடம் நான்தான் குற்றவாளி. திருப்பி அடித்தாலும் நான்தான். எனக்கு அதில் மறுப்பில்லை, அவள் குழந்தைதான். அந்தக் குழந்தையை அடிக்காமல், விட்டுப் போகாமல், அடியும் வாங்காமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள் என்றுதான் எல்லாக் கதவையும் தட்டினேன்.

"வளர்ப்பு" பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வீட்டில் வன்முறையைப் பார்த்து வளர்ந்தது, பதற்றம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத நிலை), ஆட்டிசம், பள்ளியில் படும் துன்பம், போதை என்று பல வழிகளில் இங்கே வந்து சேர்கிறார்கள். எதுவுமே இல்லாமலும் வருகிறார்கள். என் கணவர் யாரையும் கை நீட்டியதில்லை. ஆனால் கோபம் வந்தால் பொருளைத் தூக்கி எறிவார். அதைப் பார்த்துத்தான் பெரியவள் வளர்ந்தாள். சின்னவனும் அதையேதான் பார்த்தான், அவன் இப்படி இல்லை. இதிலிருந்து யார் என்ன முடிவுக்கு வேண்டுமானாலும் வரலாம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது காரணத்தைவிட, இது எப்படிச் சுழல்கிறது என்று தெரிந்துகொண்டது. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் இதை நுணுக்கமாக ஆராய்ந்தவர். அம்மா ஒன்று சொல்கிறாள், பிள்ளை கத்துகிறது, அம்மா விட்டுக்கொடுக்கிறாள், கத்தல் நிற்கிறது. பிள்ளைக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு அமைதி கிடைத்துவிட்டது. இரண்டு பேருக்குமே அந்த நொடியில் லாபம். அதனால் இரண்டு பேருமே அடுத்த முறையும் அதையே செய்வார்கள், பிள்ளை கொஞ்சம் கூடுதலாக. யாரும் திட்டமிடுவதில்லை. ஒருநாள் விட்டுக்கொடுக்காமல் நின்றால் அன்றைக்கு என்றும் இல்லாத அளவுக்கு வெடிக்கும். "கண்டிப்பா இருங்க" என்று போகிறபோக்கில் அறிவுரை சொல்பவர்களுக்கு இந்தப் பகுதி தெரியாது. அந்த வெடிப்பின்போது பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று ஏற்பாடு செய்யாமல் கண்டிப்பைத் தொடங்கச் சொல்வது, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றுவது மாதிரி.

ஹைம் ஓமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளரின் முறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ஏற்பாடுதான். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தையும் மார்ட்டின் லூதர் கிங்கின் போராட்டத்தையும் வைத்துப் பெற்றோர்களுக்கு ஒரு வழிமுறையை உருவாக்கினார்: அடிக்கவும் கூடாது, பணியவும் கூடாது, விலகிப் போகவும் கூடாது. சத்தியாகிரகத்தை வீட்டுக்குள் சொந்த மகளிடம் செய்வேன் என்று பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது நினைத்திருப்பேனா!

அதில் நாங்கள் செய்தது மூன்று விஷயங்கள். சூடாக இருக்கும்போது எதையும் தீர்க்க முயல்வதில்லை. அந்த நேரத்தில் "இதை இப்படியே விடப்போவதில்லை, அப்புறம் பேசுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது, மறுநாள் எல்லாம் ஆறிய பிறகு உண்மையாகவே பேசுவது. இரண்டாவது, அறிவிப்பு. கணவர் விடுப்பில் வந்தபோது இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் படித்தோம். உன்னை எங்களுக்குப் பிடிக்கும். அடிப்பதும் பொருளை உடைப்பதும் இனி இந்த வீட்டில் ரகசியமாக இருக்காது. நாங்கள் உன்னை அடிக்க மாட்டோம், பொருளையும் எறிய மாட்டோம். எங்களால் தனியாக முடியாததால் மற்றவர்களிடம் உதவி கேட்கப்போகிறோம். பொருளை எறிய மாட்டோம் என்ற வரியைக் கணவரே சேர்த்தார். அவள் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டுப் போனாள். கிழிப்பாள் என்று தெரியும், இன்னொரு பிரதி இருந்தது.

மூன்றாவதுதான் கடினம். துணைக்கு ஆட்கள். நடந்ததை அறிந்து, அவளைத் திட்டாமல், அவளிடம் நேரடியாகப் பேசக்கூடியவர்கள். இப்படி ஒரு உதவியைக் கேட்பதற்குப் பட்ட கூச்சம், நிர்வாணமாக நின்றிருந்தால்கூட வந்திருக்காது. "குடும்ப விஷயத்துல நாங்க எப்படிம்மா" என்று சிலர் நழுவினார்கள். சித்தி மகன் ஒப்புக்கொண்டான், பெரியவளுக்கு அவனைப் பிடிக்கும். மாடி வீட்டு ஆன்ட்டி ஒப்புக்கொண்டார். வார்டில் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் மருந்து டிராலியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போன ஜூனியர் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் முழுவதும் சொல்லி முடித்ததும், "நான் எப்ப வரணும்க்கா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் கவுன்சிலிங்குக்குச் சமம் என்று எழுத வருகிறது, கவுன்சிலர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து நடந்த சண்டைக்கு மறுநாள் பெரியவளின் போனுக்கு மூன்று பேரிடமிருந்தும் செய்தி போனது. "நேத்து நடந்தது எனக்குத் தெரியும். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்மாவை அடிக்கறது நிக்கணும். ராத்திரி கோபம் தாங்க முடியலன்னா எனக்கு போன் பண்ணு." அவள் ஆடிய ஆட்டத்தை எழுத முடியாது. "ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கிட்டே" என்று அழுதாள். எனக்கும் அது குத்தியது. ஆனால் அன்றைக்கு அவள் என்னைத் தொடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒரு ராத்திரி அவளே சித்தி மகனுக்குப் போன் செய்திருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் நான் வார்டில் செய்வதை வீட்டிலும் செய்ய ஆரம்பித்திருந்தேன். ஒரு பழைய டைரியில் இன்சிடென்ட் ஃபார்மின் கட்டங்களைக் கோடு போட்டு நிரப்பினேன். நேரம், முன்னால் நடந்தது, என்ன நடந்தது, காயம், பார்த்தவர், எப்படி முடிந்தது. எழுதுவதில் ஒரு நன்மை, "எப்போதும் அடிக்கிறாள்" என்று எழுத முடியாது. தேதி போட வேண்டும். பக்கங்களைப் புரட்டினால் ஞாயிறு ராத்திரிகள் நிறைய இருந்தன, அதுவும் ஒன்பது மணிக்கு மேல். மனநல மருத்துவரிடம் அந்த டைரியைக் கொடுத்தபோது முதல்முறையாக ஒருவர் என்னைப் பார்த்துப் பேசாமல் விஷயத்தைப் பார்த்துப் பேசினார். திங்கட்கிழமைப் பள்ளியைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவருக்குக் கிடைத்தன. பதற்றத்துக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறது, ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று மதிப்பீடு நடந்துகொண்டிருக்கிறது.

"பார்த்தவர்" என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர், சின்னவன். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் அவனுக்கென்று ஒரு திட்டம் போட்டோம். குரல் உயர்ந்தால் அவன் நடுவில் வரக் கூடாது, என்னைக் காப்பாற்ற முயலக் கூடாது. நேராக மாடி ஆன்ட்டி வீடு. அவர் கதவைத் தட்டினால் எதுவும் கேட்காமல் உள்ளே விடுவார், எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அந்த மிஸ்டு கால் பெரியவளுக்கும் கேட்கும்.

வேலையில் கற்றவற்றில் இன்னும் சில வீட்டுக்கும் பொருந்துகின்றன, யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். நீங்களும் வாசலை மறிக்காதீர்கள், உங்களுக்கும் வாசல் மறையாத இடத்தில் நில்லுங்கள். குரலை இறக்கி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். அந்த நேரத்தில் மூளைக்குள் நீளமான பேச்சு எதுவும் போகாது. கழுத்தில் சங்கிலி, துப்பட்டா வேண்டாம். கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிச் சாமான்களுக்குப் பூட்டு. பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள். வார்டில் பயிற்சி பெற்றவர்கள் பலர் சேர்ந்து செய்யும்போதே காயம் படுகிறது. கழுத்தை நெரித்தால், வெளியே தடம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருந்தால் சில மணி நேரம், சில நாள் கழித்துக்கூடத் தெரியவரும். தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம் இருந்தாலும் அப்படியே. கையை அறுத்துக்கொள்வேன் என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள், அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போங்கள். மிரட்டலாகவே இருந்தாலும், அப்படிச் சொன்னால் உடனே மருத்துவமனைக்குத்தான் என்று பிள்ளைக்கும் தெரியட்டும்.

மருத்துவமனையில் உங்களைக் கேட்பார்கள், எப்படிக் காயம் பட்டது என்று. நான் இப்போது அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கிறேன். கன்றிய கையோடு வரும் நடுத்தர வயதுப் பெண்ணிடம் "வீட்டுக்காரர் அடிச்சாரா?" என்பதோடு நிறுத்துவதில்லை. "வீட்டுல யாராவது?" என்கிறேன். பிள்ளைகளுக்கு என்ன வயது என்றும் சேர்த்துக் கேட்கிறேன். கொஞ்சம் தயங்கி, அழ ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களை எங்கே அனுப்புவது என்று தெரியாது என்பதுதான் கொடுமை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, எங்கள் சமூகப் பணியாளர் மூலமாக மாதம் ஒருமுறை இந்தப் பெற்றோர்கள் மட்டும் உட்கார ஓர் அறை கேட்டிருக்கிறோம். மின்விசிறி வேலை செய்யும் அறையாக இருந்தால் போதும் என்றேன். எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குள், உடை மாற்றும் அறையில் இன்னொரு வார்டு நர்ஸ் என்னைத் தனியாக அழைத்தாள். எனக்கு 17 வயதுப் பையன், உங்க விஷயம் கேள்விப்பட்டேன் என்றாள். அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு எப்படி நசுங்கியது என்று சொன்னாள். இப்போது நான் அவள் பையனுக்குத் துணை ஆள், அவள் பெரியவளுக்கு. ஒரே நாளில் இருவருக்கும் நைட் விழாதபடி டியூட்டி மாற்றி வாங்கியிருக்கிறோம். அந்தப் பையனுக்கு நான் அனுப்பிய முதல் செய்திக்கு, "யாரு நீங்க?" என்று வந்தது. அம்மாவோடு வேலை பார்க்கும் ஆன்ட்டி என்று எழுதினேன். "உங்க வேலையைப் பாருங்க" என்று பதில். வியாழக்கிழமை எனக்கு ஆஃப். நேரிலேயே போகிறேன்.